சுட்டெண் நூற்றுப் பதினேழு

எங்கள் சங்கீதப் பரீட்சைச் சபையில், செயன்முறைப் பரீட்சைக்குப் போகும் பரீட்சகர் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இந்த நிலையத்தில் தோற்றும் பரீட்சார்த்திகளில் உங்கள் உறவினர் எவரும் உண்டா என்று கேட்டு, மகன், மகள், சகோதரர், பெறாமக்கள், சொந்த மாணவர் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையின் கடைசியில், மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக, பிறகு சேர்த்தது என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி, ‘வாழ்க்கைத்துணை’ என்று ஒரு சொல் கிடக்கிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பரீட்சகர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஓய்வுபெற்றவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளம் ஆசிரியை அந்தச் சொல்லைக் காட்டிச் சிரித்தார்.

“ஆர் ரீச்சர் தன்ரை மனுசனுக்கு முதலாந் தரச் சோதினை வைக்கப் போகினம்?”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சபையின் செயலாளர் மட்டும் சிரிக்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் நேரத்தில் அதே பிள்ளை என்னிடம் வந்து, “ரீச்சர், நீங்கள் ஏன் திடீரெண்டு பரீட்சகர் வேலையை விட்டனீங்கள்? பிரதம பரீட்சகர் சேரோடை சண்டை எண்டு கதைக்கினம்” என்றார்.

அந்தக் கேள்விக்கும் இந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். கையில் வடையை வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டு வயதில் வயலினைத் தொட்டவள். பழகிய கதையை நீட்டப் போவதில்லை. பழகியவர்களுக்குத் தெரியும், பழகாதவர்களுக்குச் சொல்லியும் விளங்காது. யுத்தத்தில் சாமான் வராத காலத்தில் மேல் கம்பி அறுந்தால், சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையை உரித்துக் கட்டி வாசித்தோம். வில்லுக்குப் பூசும் ரொசின் கிடைக்காதபோது கோயிலுக்கு வாங்கும் குங்கிலியக் கட்டியைத் தேய்த்தோம். அந்த ஆண்டுகளில் என் வயலினில் இருந்து நாதம் வந்ததோ இல்லையோ, பூசை மணம் வந்தது. இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது வயலினைச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வயலின் பெட்டிக்குள் அரிசியும் காணி உறுதிப் பத்திரங்களும் இருந்தன. பெட்டியைக் கண்ட ஒரு கிழவர் அந்தச் சனத்துக்குள்ளும் என்னை நிறுத்தி, “பிள்ளை, எங்கை கச்சேரி?” என்று கேட்டார்.

பிறகு பள்ளிக்கூடங்களில் சங்கீத ஆசிரியை. ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வயலின். ஒரு பிள்ளை வில்லைப் பிடிக்க, இன்னொரு பிள்ளை வயலினைப் பிடிக்க, மீதி முப்பத்தெட்டும் சண்டை பிடிக்கும். கோயில் திருவிழாக் கச்சேரிகளிலும் வாசித்தேன். மேடையில் வயலின்காரியின் வேலை என்ன என்று கேட்டால், பாடுகிறவரின் பிழையைத் தன் பிழை போலக் காட்டுவது என்று சொல்வேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

ஆனால் என் சீவியத்தில் நான் பெருமைப்பட்ட வேலை பரீட்சகர் வேலைதான். அதைக் கற்றுத் தந்தவர் பிரதம பரீட்சகராக இருந்த கனகலிங்கம் சேர். வாய்ப்பாட்டுக்காரர். மெலிந்து நெடுத்த மனிதர். காலை ஏழரைக்கே நிலையத்துக்கு வந்துவிடுவார். வந்ததும் மேசையின் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். ஆடினால் பழைய வினாத்தாளை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் வைப்பார்.

“மேசை ஆடினால் ஒண்டு ஏழாய்ப் போகும். பிறகு தகப்பன்மார் வருவினம்” என்பார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி, பிள்ளைக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பி வைப்பார். பிள்ளையின் பெயர் எங்களிடம் இராது. சுட்டெண் மட்டுந்தான். புள்ளியை முதலில் பென்சிலால் போட வேண்டும். பிள்ளை கதவைத் தாண்டிய பிறகே பேனை. பிள்ளை உள்ளே இருக்கும்போது பேனை மூடியைக் கழற்றவே கூடாது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டால், தான் பிழைவிட்டதைத்தான் எழுதுகிறார்கள் என்று பிள்ளை நினைத்துவிடுமாம்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் முகத்தைப் பற்றியது. என் முதல் நாளில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வளவு சுத்தமாக வாசித்தாள். நான் என்னை அறியாமல் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டேன். அவள் கண்டாள். வாசிப்பதை நிறுத்தி எனக்கு ஒரு பதில் சிரிப்புச் சிரித்தாள். அதற்குப் பிறகு விட்ட இடம் அவளுக்கு வரவே இல்லை. அவள் போனதும் சேர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் சிரிச்சியள், அவ மறந்தா. இப்ப ஆருக்குப் புள்ளி குறைக்கிறது?”

“அப்ப எப்பிடிச் சேர் முகத்தை வைச்சிருக்கிறது?”

“தபாற்கந்தோரிலை முத்திரை விக்கிறவரைப் பாத்திருக்கிறியளோ? அப்பிடி.”

ஒரு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த முகத்தைப் பழகினேன். என் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இஞ்சேரும், என்னோடை ஏதும் கோவமோ?” என்று கேட்டார்.

சேரின் முகம் எந்த நிலையிலும் அசையாது. ஆனால் சுருதி விலகினால் அவருடைய இடது கால் செருப்பு தானாகக் கழலும். அவருக்கே தெரியாமல் நடக்கும் காரியம் அது. எப்படியோ ஊர் வாத்திமாருக்கு விசயம் போய்விட்டது. பிள்ளைகள் வாசித்துக்கொண்டே மேசைக்குக் கீழே எட்டிப் பார்க்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு சேர் நிலத்தைத் தொடும் நீளத்தில் ஒரு மேசை விரிப்போடு வந்தார்.

ஒருமுறை வல்வெட்டித்துறை நிலையத்தில் ஒரு தாய் யன்னலுக்கு வெளியே நின்று, மகள் மறக்கிற சுரத்தை எல்லாம் பாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சேர் எழும்பிப் போய், “அம்மா, இந்தத் தாளிலை ஒரு ஆளுக்குத்தான் கட்டம் இருக்கு” என்று சொல்லி யன்னலை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

பெறுபேறு வந்ததும் தாய்மார் என் வீட்டுப் படலைக்கு வருவார்கள். “இரண்டு புள்ளிதானே ரீச்சர்” என்று அழுவார்கள். நான் “அடுத்த வருசம் பாப்பம்” என்று சொல்லிப் படலையைச் சாத்துவேன். சேரைப் பார்த்துப் பழகியவள் அல்லவா? மனம் இளகாது. அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இனி என் கணவருக்கு வருகிறேன். சபாநாதன். நில அளவையாளராக வடக்கு முழுவதும் அளந்து திரிந்தவர். பேச்சுக் குறைவு, கணக்குச் சுத்தம். சுவரில் படம் மாட்டினாலும் நீர்மட்டம் வைத்துத்தான் மாட்டுவார். நான் ஐம்பது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் வீட்டில், அவர் ஒரு மூலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருப்பார். சங்கீதத்தைப் பற்றி அவர் ஒரு அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு கழித்து ஆளில் சில மாற்றங்கள். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் சேட்டு ஒன்றை அழுத்திப் போட்டுக்கொண்டு, வாசிகசாலைக்கு என்று சைக்கிளில் போவார். தொலைக்காட்சியைக் கதிரையில் இருந்து பார்க்காமல், நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பார். இடது கை நகங்களை மட்டும் ஒட்ட வெட்டியிருப்பார். வலது கை அப்படியே இருக்கும். வயது போகிறது, ஒரு கையோடு மறந்துவிடுகிறார் என்று நினைத்து நானே ஒரு நாள் மற்றக் கைக்கு வெட்டிவிட்டேன். அவரும் பேசாமல் நீட்டிக்கொண்டு இருந்தார்.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, “உங்கடை அவரை ரெண்டு மூண்டு தரம் இஞ்சை பக்கத்திலை, திருநெல்வேலியிலை கண்டனான். ஒரு இளம் பொம்பிளைப்பிள்ளையின்ரை வீட்டுக்குள்ளை போறார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று பின்னேரம் தேத்தண்ணியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் அவருக்கு முன்னால் வைத்தேன்.

அந்த ஆண்டுப் பரீட்சைக்கு என்னை வல்வெட்டித்துறை நிலையத்துக்குப் போட்டிருந்தார்கள். அன்று காலை கணவர், சாவகச்சேரியில் ஒரு காணிப் பிரச்சினை பார்க்க வேண்டும் என்று சொல்லி ஏழு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் கனகலிங்கம் சேரிடம் இருந்து அழைப்பு. நல்லூர் நிலையத்துக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல், உடனே அங்கே வாருங்கள் என்றார். போனேன். படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேசை ஆடவில்லை. விரிப்பு விரித்தாயிற்று. வரிசையாகப் பிள்ளைகள் வந்து போயின.

பதினொரு மணி போல வாசலில் நின்ற பெண் கூப்பிட்டார்: “நூற்றுப் பதினேழு.”

கதவால் வந்தது என் கணவர். வேட்டி, வெள்ளைச் சேட்டு, திருநீறு. கையில் ஒரு வயலின் பெட்டி. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நான் பதறி எழும்பிவிட்டேன்.

“என்ன? வீட்டிலை என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப ஏன் என்ரை வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?”

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உது உம்மடை இல்லை” என்றார். “என்ரை.”

அப்படியே திரும்பிப் போகப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்ணோ, “ஐயா, கூப்பிட்டாப் பிறகு வெளியிலை போகேலாது, உள்ளுக்குப் போங்கோ” என்று மறித்துவிட்டார். கணவர் நடந்து வந்து, என் பக்கம் திரும்பாமல், சுட்டெண் துண்டைச் சேருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். கனகலிங்கம் சேர் எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவர். என் கணவரோடு ஒரே மரவாங்கில் இருந்து பாயசம் குடித்தவர். அவர் முகத்தில் ஒரு மயிரும் அசையவில்லை.

“சுட்டெண்ணைச் சொல்லுங்கோ” என்றார்.

“நூற்றுப் பதினேழு சேர்.”

சேர் மெல்ல என் பக்கம் திரும்பினார். “ரீச்சர், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியிலை இருங்கோ.”

நான் எழும்பி நடந்தேன். அப்போதுதான் கணவர் பாயில் அமர்ந்து பெட்டியைத் திறந்தார். வயலினின் கறுத்தப் பலகையில், விரல் வைக்கிற இடம் எல்லாம் வெள்ளைப் பென்சிலால் மெல்லிய கோடுகள். கோட்டுக்குக் கோடு பக்கத்தில் சின்ன எழுத்தில் இலக்கம். ரி-க்கு இரண்டு சென்ரிமீற்றர். க-வுக்கு ஆறரை. ம-வுக்கு எட்டுத் தசம் ஒன்று.

“இது வயலினோ, அடிமட்டமோ?” என்று சேர் கேட்டது காதில் விழுந்தது. கதவு சாத்தப்பட்டது.

வெளியே நீண்ட வாங்கு. தாய்மார் நிறைந்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கதவின் உட்பக்கம் இருந்தவள் நான். வெளிப்பக்கத்தில் இருந்து பார்த்தால் அது இவ்வளவு பெரிய கதவு என்று எனக்குத் தெரியாது. என்னை அறிந்த தாய்மார் மரியாதைக்காக ஒதுங்கி இடம் விட்டார்கள். அப்போதுதான் வந்த ஒருவர் மட்டும் என்னை அறியாமல் பக்கத்தில் நெருங்கி இருந்தார்.

சரளிவரிசை, முதலாம் காலத்தில் கேட்டது. மாயாமாளவகௌளை. மெதுவாக, ஆனால் ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில். நான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினாலும் பிள்ளைகளுக்குக் கிட்டாத அந்த ரிஷபம், தாழ்ந்து, சரியான இடத்தில் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் காலமும் ஒருவாறு போனது. எல்லாவற்றிலும் வேகமான மூன்றாம் காலம் தொடங்கிற்று. நான்கு சுரம் போய்க் கால் தடக்கினது போல விழுந்தது. பிறகு மனுசன், எவரும் கேளாமல், திரும்பவும் முதலாம் காலத்தின் முதல் சுரத்தில் இருந்து தொடங்கினார். அளவு பிழைத்தால் முதல் முளைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து அளக்க வேண்டும் என்பது அவருடைய தொழில்.

வாங்கில் சிரிப்பு எழும்பியது. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “ஆரோ வயசுபோன ஐயா ஒராள். உந்த வயசிலை கோயிலிலை தேவாரம் படிச்சுக்கொண்டு இருக்கலாம். வீட்டிலை சொல்லுறதுக்கு ஆக்கள் இல்லைப் போலை.”

“ஆக்கள் இருக்கினம்” என்றேன்.

கதவு திறந்தது. கணவர் வெளியே வந்தார். சப்பாணி கட்டி இருந்த காலை நிமிர்த்த முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். சேட்டு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. என்னைக் கடக்கும்போது, “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் வீட்டில் அவரைப் பிடித்து இருத்தினேன். திருநெல்வேலியில் இருந்த இளம் பிள்ளை வேறு யாரும் அல்ல, என்னுடைய பழைய மாணவி யாழினி. ஒன்றரை ஆண்டாக அவளிடம் பழகியிருக்கிறார். வயலினை அளவைச் சாமான்களுக்குள் மறைத்து வைத்து, நான் வகுப்புக்கு வெளியே போகிற நாட்களில் வீட்டில் இருந்து சாதகம் செய்திருக்கிறார்.

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? இவ்வளவு பேருக்குச் சொல்லிக் குடுக்கிறன், உங்களுக்குச் சொல்லித் தரமாட்டனோ?”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

“கலியாணம் முடிச்சு மூண்டாம் நாள்” என்றார். “நான் கிணத்தடியிலை தண்ணி அள்ளிக்கொண்டு ஏதோ பாடினன். நீர் துலாவுக்குக் கிழக்குப் பக்கம், ஒரு பத்தடி தள்ளி, பல்லு விளக்கிக்கொண்டு நிண்டனீர். ‘தயவுசெய்து பாடாதேங்கோ, உங்கடை தொண்டைக்கும் சுருதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை’ எண்டு சொன்னனீர்.”

“நானோ?”

“வாயிலை பல்லுப்பொடியோடை சொன்னனீர். அதாலை நான் பிழையாய்க் கேட்டிருப்பனோ எண்டு ஒரு பத்து வருசம் யோசிச்சன்.”

எனக்கு நினைவே இல்லை. உண்மையாகவே இல்லை.

“முப்பத்துநாலு வருசமாய் உதை மனசிலை வைச்சிருந்தனீங்களோ?”

“மனசிலை வைச்சிருக்கேல்லை” என்றார். “ஆனா பாடேல்லை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். காணியின் எல்லையைச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார். நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பெறுபேறு ஒரு மாதத்தில் வந்தது. இரண்டு புள்ளி குறைந்ததால் சித்தியில்லை. அவர் அந்தக் கடிதத்தை வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கனகலிங்கம் சேரின் வீட்டுக்குப் போனேன். அவர் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

“சேர், இரண்டு புள்ளிதானே” என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார்.

“அறுபத்துமூண்டு வயசு மனுசன் சேர்.”

“தாளிலை வயசுக்குக் கட்டம் இல்லை.”

“முதலாம் காலம் எவ்வளவு சுத்தம்! நான் வாங்கிலை இருந்து கேட்டனான்.”

“ஓம். சுருதிக்கு நான் குறைக்கேல்லை. மூண்டாம் காலத்திலை அவர் காணி அளக்கிறார் ரீச்சர். ஒவ்வொரு சுரத்திலையும் எல்லைக்கல்லு நாட்டிப்போட்டுத்தான் அடுத்ததுக்குப் போறார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகக் கோபமும் வந்தது. சேர் தொடர்ந்தார்:

“போன வருசம் இதே இரண்டு புள்ளிக்கு ஒரு தாய் உங்களிட்டை வந்தவ. என்ன சொன்னனீங்கள்?”

நான் நிலத்தைப் பார்த்தேன். “அடுத்த வருசம் பாப்பம் எண்டு.”

“அப்ப?”

“அடுத்த வருசம் பாப்பம் சேர்.”

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். தேத்தண்ணி வந்த பிறகு, கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: “வாசிச்சு முடிஞ்சு போகேக்கை உங்கடை அவர் குனிஞ்சு மேசை விரிப்பைத் தூக்கிப் பாத்தவர். இவ்வளவு காலத்திலை ஒரு பிள்ளையும் அந்தத் துணிவு காட்டேல்லை.”

“செருப்பு?”

“காலிலைதான் இருந்தது” என்றார் சேர். அன்றுதான் அவர் முகம் அசைந்ததை முதன்முறை பார்த்தேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு படிவத்தில் அந்தச் சொல் ஏறியது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. வாழ்க்கைத்துணை தோற்றுகிற ஆண்டில் எவரும் எந்த நிலையத்திலும் பரீட்சகராக இருக்க முடியாது. கணவர் அதைக் கேட்டுவிட்டு, “அப்ப நான் விடுறன். உம்மடை வேலை பெரிசு” என்றார். நான் கணக்குப் பார்த்தேன். எட்டுத் தரங்கள். ஒன்றுக்கு இரண்டு ஆண்டு வைத்தால் பதினாறு. அவர் எட்டாந் தரம் முடிக்க எண்பது வயதாகும். அதற்கு இடையில் நான் திரும்பிப் போய் எதைப் பரீட்சிக்கிறது? மறுநாளே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சேரோடு சண்டை என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு நல்லூரில் யாராவது பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும் என்று அடுத்த பரீட்சைக் காலம் முழுவதும் மணிக்கூட்டைப் பார்த்ததை மட்டும் மறைக்க மாட்டேன்.

அவருக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். “யாழினி இருக்கிறா. நீர் மனுசியாய் இருந்தால் காணும்.” கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். மூன்றாம் காலத்துக்கு நான் பக்கத்தில் இருந்து தாளம் போடலாம். வாய் திறக்கக் கூடாது.

என் சீவியத்தில் அதைவிடக் கடினமான வேலை நான் செய்ததில்லை. பின்னேரம் பின்னேரமாகத் தபாற்கந்தோர் முகத்தோடு இருந்து ஆதி தாளம் போட்டேன். முதல் நாளே எனக்குப் பிழை தெரிந்துவிட்டது. விரல் தயாராக நிற்கிறது. கண்தான் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடிப் பிடித்து, சரி என்று உத்தரவு கொடுக்கும் வரை விரல் காத்துநிற்கிறது. ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். சொல்ல முடியாது. சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு மூன்று கிழமை தாளம் போட்டேன்.

ஒரு நாள் கருக்கல் நேரம். மூன்றாம் காலத்தின் நடுவில் மின்சாரம் நின்றது. அறை இருண்டுவிட்டது. சாதாரணமாக மனுசன் நிறுத்திவிட்டு விளக்கைத் தேடுவார். நான் தாளத்தை விடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். தாளம் போகிறதே என்று அவரும் வாசித்துக்கொண்டே போனார். சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தடக்காமல், ஆவர்த்தனம் முடிந்து அடுத்ததும் முடிந்து, போய்க்கொண்டே இருந்தன. பிறகு இருட்டுக்குள் ஒரு நீண்ட மூச்சு.

“இஞ்சேரும்” என்றார். “இப்ப சரியாய் வந்ததோ?”

“எனக்கு வாய் திறக்கேலாது.”

“திறவும்.”

“வந்தது” என்றேன்.

அடுத்த நாள் காலையில் அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, ஈரத் துணியால் கோடுகள் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பரீட்சையில் அவர் சித்தி. சாதாரண சித்திதான்.

சான்றிதழ் வழங்கும் விழா நல்லூரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நான் போக வேண்டாம் என்றேன், தபாலில் அனுப்புவார்கள். அவர் கேட்கவில்லை. பெறுகிறவர்கள் முன் வரிசையில் இருக்க வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர், ஏழு வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவில், முழங்கால் நெஞ்சைத் தொடுகிற அந்தச் சின்னக் கதிரையில் போய் நிமிர்ந்து இருந்தார். நான் பின்னால் பெற்றோருக்குள் இருந்தேன்.

முதலாந் தரம் வயலின். செல்வி, செல்வன், செல்வி என்று அறிவிப்பாளர் வாசித்துக்கொண்டு போனார். பட்டியலைத் தயாரித்தவர்கள் முதலாந் தரம்தானே என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போட்டிருக்கிறார்கள்.

“செல்வன் வைத்திலிங்கம் சபாநாதன்.”

அவர் எழும்பினார். சிரிப்பு பின் வரிசையில் தொடங்கி முன்னுக்குப் போனது. அறிவிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, “மன்னிக்க வேணும், திரு...” என்று தொடங்கினார். அவர் கையை உயர்த்தி, பரவாயில்லை, இருக்கட்டும் என்று சைகை காட்டிவிட்டு, அவசரப்படாமல் படியேறினார். பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய பிரதம விருந்தினர் முன்கூட்டியே குனிந்து சான்றிதழை நீட்டினார். பார்த்தால் எதிரே ஒரு வேட்டிக்கரை. நிமிர்ந்து, நிமிர்ந்து, இவருடைய முகம் வரைக்கும் வர வேண்டியதாயிற்று. இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அப்போது சிரிப்பு கைதட்டாக மாறிவிட்டது.

கடைசியில் குழுப் படம். பிள்ளைகளை மேடையில் மூன்று வரிசையாக நிறுத்தினார்கள். இவரும் போய் நின்றார். படமெடுக்கிறவர் கையை வீசி, “ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ, பிள்ளையளை எடுக்க வேணும்” என்றார். என் கணவர் விலத்தவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டுகிற மாதிரி, சான்றிதழை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். படமெடுக்கிறவர் கிட்டப் போய் அதை வாசித்தார். திரும்பி வந்து கமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினார்.

என் பக்கத்தில் இருந்த இளம் தாய் என்னோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டே கேட்டார்: “அம்மா, உங்கடை பேரப்பிள்ளை எது?”

“பேரப்பிள்ளை இல்லை, என்ரை மனுசன்” என்றேன். “பின் வரிசையிலை, எல்லாரிலும் உயரமாய் நிக்கிறார், பாருங்கோ.”